பிசிறு

வைகுந்துக்குப் பாட்டு ஆரம்பிக்க வரும். முடிக்க வராது.

ஆரம்பம் என்றால் ஏனோதானோ ஆரம்பம் இல்லை. ஒரு தாளம், அதற்கு அடியில் நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு அதிர்வு, மேலே குட்டியாக ஒரு மெட்டு. காதில் விழுந்ததும் தலை தானாக ஆடும். சில விநாடிகள் ஓடி, முடிந்த இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வரும். இதற்கு லூப் என்று பெயர். அவன் லாப்டாப்பில் இந்த மாதிரி லூப்புகள் கொட்டிக் கிடந்தன. பாட்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. எல்லாம் செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றும், எங்கேயும் போய்ச் சேராது.

லூப்பைப் பாட்டாக்குவது எப்படி என்று சொல்லித்தர யூடியூபில் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். முதலில் கொஞ்சம் எடு, அப்புறம் கொஞ்சம் சேர், நடுவில் எல்லாவற்றையும் நிறுத்தித் தவிக்க விடு, கடைசியில் ஒவ்வொன்றாகக் கழற்று. கேட்கும்போது ஆகா, இவ்வளவுதானா என்று இருக்கும். தான் உட்கார்ந்தால் கை ஓடாது. நம்மில் பாதிப் பேர் சமையல் கற்றுக்கொண்ட லட்சணமும் இதுதானே.

அவனுக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில். அச்சில் ஊற்றி ஆறிய உருப்படிகள் அவன் மேஜைக்கு வரும். ஓரங்களில் வேண்டாத இரும்பு முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் முத்திரை குத்த வேண்டும். நாள் முழுக்க ஓரத்தைத் தடவித் தடவி, கடைசியில் கண்ணில் படுவதெல்லாம் ஓரமாகவே தெரியும். பஸ் டிக்கெட்டைக்கூட விரலால் ஓரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவான்.

லூப் வெட்டுவதிலும் அதே கை. திரையில் தாளம் காட்டும் கோட்டில் மயிரிழை பிசகாமல் வெட்டினால்தான் சுற்றி வரும்போது இடையில் ‘டிக்’ என்று கேட்காது. அவன் வெட்டினால் கேட்கவே கேட்காது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தங்கியிருந்தது ஒரு மாடி அறையில். கீழே ஒடிசாப் பையன்கள் சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு போனோடு படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு மேலே போய் இவன் தயிர்சாதம் பிசைவான். தனிமை என்று சொல்லிக்கொள்ள வெட்கம். சொந்த ஊர் திருவள்ளூர் என்ன அமெரிக்காவா? இதே ஜில்லாதான். ஆனால் சனிக்கிழமை வேலை விட்டதிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச நேராத வாரங்கள் உண்டு. திங்கட்கிழமை காலை கேட்டில் காவலாளிக்குக் குட்மார்னிங் சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். அதைச் சரிசெய்ய இருமிக்கொள்வான்.

ஆலையில் அவனுக்கு இருந்த ஒரே தோழன் எபினேசர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எளாவூர்க்காரன், சர்ச்சில் பாடுகிறவன். கல்யாணமோ காதுகுத்தோ, மைக் கையில் கிடைத்தால் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும். வைகுந்தின் இசையை முழு மனசோடு கேட்கிற ஆளும் அவன் ஒருவன்தான்.

ஒருநாள் டீ வேளையில் இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு அதுவரை எபினேசருக்குக் காட்டாத ஒரு லூப்பைக் கேட்டார்கள். இதில் மெட்டுக்கு வைகுந்த் தன் குரலையே போட்டிருந்தான். சொல் கிடையாது, வெறும் முனகல். முதல் பாதியில் குரல் வரும், பின்பாதியில் தாளம் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

“சூப்பரா கீது சாமி,” என்றான் எபினேசர். வைகுந்தை அவன் சாமி என்றுதான் கூப்பிடுவான். “ஆனா பாதி ஊட்ல ஆளே இல்லியே.”

“புரியலை.”

“மொதல்ல ஒர்த்தன் பேசறான். அப்பால கம்முனு கீறான். யாரோ பதில் சொல்லுவாங்கன்னு பாத்துகினு கீற மாதிரி. இது மட்டும் இல்ல சாமி, நீ போட்டது அல்லாமே இப்டித்தான் கீது. நீ கெவனிச்சதே இல்லியா?”

வைகுந்த் கவனித்ததே இல்லை. அன்று சாயங்காலம் பழைய லூப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எபினேசர் சொன்னது பொய்யில்லை. எல்லாவற்றிலும் முன்பாதியில் ஏதாவது ஒன்று வாயைத் திறந்தது, பின்பாதியில் ஒருவரும் இல்லை. அந்த இடம் யாருடையது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

தம்பி வேதாந்தின் இடம். அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே பாசுரமும் வந்துவிடும். இரண்டு பேரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சேவிப்பார்கள். முதல் இரண்டு அடி அண்ணன், அடுத்த இரண்டு அடி தம்பி. அண்ணன் சொல்லும்போது தம்பி மூச்சு வாங்கிக்கொள்வான், தம்பி சொல்லும்போது அண்ணன். வளர்ந்து கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் சேர்ந்தபோதும் அப்படியே எதிரெதிர் வரிசையில் இடம் கிடைத்தது. அப்பா பரமபதித்த பிறகு கோயிலில் குடும்பத்துக்குரிய முறையை இரண்டு பேருமாகத் தாங்கினார்கள். அப்புறம் வைகுந்துக்கு இந்த வேலை வந்தது. தனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டான். கிளம்பின அன்று வேதாந்த் போகாதே என்று சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. அண்ணனின் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் நேராக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். கத்தியிருந்தால் தேவலை.

ஆடி மாதத்தில், தன் குரல் போட்ட இந்த லூப்பை வைகுந்த் தம்பிக்கு அனுப்பியிருந்தான். பாசுரத்தை டிரம்மோடு சேர்த்தால் தம்பி சாமியாடிவிடுவான் என்று தெரிந்துதான் சொல்லை எல்லாம் விட்டுவிட்டு, சேவிக்கிற நடையை மட்டும் முனகிப் பதிந்திருந்தான். கூட ஒரு வரி எழுதவில்லை. வேதாந்த் கேட்டுவிட்டான் என்பதற்கு நீல டிக் விழுந்தது. அவனும் ஒரு வரி எழுதவில்லை. இப்போது ஐப்பசி ஆகிவிட்டது. அந்த நீல டிக்கை வைகுந்த் எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கேட்டும் பதில் சொல்லவில்லை என்றால் அர்த்தம் என்ன, இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்பதுதானே. அப்படித்தான் அவன் முடிவுகட்டி வைத்திருந்தான்.

சரி, தம்பி வேண்டாம், நாமே நிரப்புவோம் என்று கிளம்பினான். தன் குரலையே கொஞ்சம் மாற்றிப் பின்பாதியில் போட்டுப் பார்த்தான். தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு நடக்கிற ஆளைத் தெருவில் பார்த்தால் நாம் எப்படி ஒதுங்கிப் போவோமோ, அப்படி இருந்தது. புல்லாங்குழலைப் போட்டான், கல்யாண வீடியோ ஆகிவிட்டது. கடைசியில் எபினேசரே வந்து பாடினான். ஞாயிற்றுக்கிழமை பிரேயர் முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையில் அறைக்கு வந்து, அந்தக் காலி இடத்தில் தொண்டையைத் திறந்துவிட்டான். என்ன குரல்! கீழ்வீட்டுப் பையன்கள் படிக்கட்டில் வந்து நின்று கேட்டார்கள். முன்பாதி, பின்பாதி, நடுவில் ஒரு நிறுத்தம், மறுபடி முதல் என்று முதன்முறையாக ஒரு பாட்டு உருண்டு திரண்டு வந்தது.

“பாத்தியா, முட்ச்சிட்டம்!” என்று எபினேசர் அவனைத் தூக்கியே விட்டான்.

அவன் போன பிறகு வைகுந்த் அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பி தூங்கிய பாயில் வேறு யாரோ படுத்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. பொறுக்க முடியவில்லை. எபினேசர் குரலை எடுத்துவிட்டான்.

மறுநாள் அதைச் சொன்னபோது எபினேசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வராதா பின்னே?

“நான் பாட்னது நல்லா இல்லியா?”

“நன்னா இருந்தது எபி. ரொம்ப நன்னா இருந்தது.”

“அப்பறம் இன்னாத்துக்குத் தூக்குன? அந்த எடம் யாருக்கு சாமி வச்சிகினு கீற?”

“என் தம்பிக்கு.”

எபினேசர் டீயை ஊதிக் குடித்து முடித்தான். “அப்ப போய் அவன்கிட்ட கேளு. இங்க ஒக்காந்துகினு என்னியப் பேஜாரு பண்ணாத,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு, லாப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வைகுந்த் பஸ் ஏறினான். பெரியபாளையத்தில் மாறித் திருவள்ளூரில் இறங்கியபோது கோயிலில் காலைக் கோஷ்டி நடந்துகொண்டிருந்தது. தூணோரமாக நின்றான். வேதாந்த் தன் பழைய இடத்தில்தான் இருந்தான். இளைத்திருந்தான். எதிர்வரிசையில், வைகுந்தின் இடத்தில், வரதன் மாமா உட்கார்ந்திருந்தார். வயதான மனுஷர், பாவம். ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூச்சு பட்டென்று நின்றுவிடுகிறது. வேதாந்த் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, தயங்கி, ஒரு கணம் பிந்தித்தான் ஆரம்பித்தான். முன்பெல்லாம் அவன் பிந்தவே மாட்டான். நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கியவன் தூணோரம் அண்ணனைப் பார்த்தான். பார்வையை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மா கோமளவல்லி தளிகை முடித்து இலை போட்டாள். பிள்ளை மெலிந்துவிட்டான் என்று புலம்பியபடியே இரண்டு பேருக்கும் பரிமாறினாள். சாத்தமுது விட்டுப் பிசைகிற வரைக்கும் அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. தயிர் வந்ததும் வைகுந்தால் அடக்க முடியவில்லை.

“ஆடியில ஒண்ணு அனுப்பினேனே, கேட்டியா?”

“கேட்டேன்.”

“கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? பிடிக்கலைன்னாவது சொல்லியிருக்கலாமோல்லியோ.”

வேதாந்த் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே ஒன்றும் புரியாத முகம். “மீதி வரும்னு காத்துண்டிருந்தேன்.”

“எந்த மீதி?”

“நீ முடிக்கவே இல்லையே அண்ணா. அடி பாதியில நிக்கறது. நீ முடிச்சாத்தானே நான் எடுக்க முடியும்?”

“அதான் முடிஞ்சுதே! அதுக்கப்புறம் இடம் விட்டிருக்கேனே, உனக்குத்தான் அது!” வைகுந்தின் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா மோர்ப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

“இழுப்பு எங்கே?” என்றான் வேதாந்த். “கடைசி எழுத்தை இழுத்து விடுவியே, அது எங்கே? நீ இழுத்து விட்டாத்தானே என் முறைன்னு நேக்குத் தெரியும். நறுக்குனு நின்னுடுத்து. மூச்சு வாங்கிக்கறியாக்கும், மீதியைத் தனியா அனுப்புவியாக்கும்னு இருந்தேன். நடுவுல புகுந்தா அபசாரமில்லையா?”

வைகுந்துக்குக் கையில் எடுத்த தயிர்சாதம் இலையிலேயே விழுந்தது. இழுப்பைப் பதிந்துதான் இருந்தான். சின்ன வயதிலிருந்து வருகிற வழக்கம், அது தானாக வந்துவிடும். கோட்டைத் தாண்டி, குரல் கரகரத்து, ஓய்ந்து அடங்குகிற வரைக்கும் வந்திருந்தது. இவன்தான் உட்கார்ந்து பார்த்து, கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே பிசிறு என்று ஒட்ட நறுக்கினவன். ‘டிக்’ என்று கேட்கக்கூடாது பார், அதற்காக. தம்பிக்கு வைத்திருந்த வாசற்படியைத் தானே பெயர்த்துப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் நீல டிக்கைப் பார்த்து அழுதிருக்கிறான்.

“வரதன் மாமாவும் இப்படித்தான்,” வேதாந்த் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அவருக்கு மூச்சு இல்லை, இழுக்க மாட்டார். எப்போ எடுக்கறதுன்னு தெரியாம தெனமும் தவிக்கறேன். நீ போனதுலேர்ந்து இப்படித்தான் நடக்கறது. யார்கிட்ட சொல்றது, சொல்லு.”

அம்மா இரண்டு இலையிலும் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

கையலம்பியதும் வைகுந்த் லாப்டாப்பைத் திறந்தான். இந்த மென்பொருளில் ஒரு நல்ல குணம் உண்டு. வெட்டியதைத் தூக்கிப் போட்டுவிடாது, மறைத்துத்தான் வைத்திருக்கும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் போதும். இழுத்தான். நறுக்கிப் போட்ட இழுப்பு முழுசாக வெளியே வந்து, கோட்டைத் தாண்டி, அந்தக் காலி இடத்துக்குள் நீண்டு, மெலிந்து, அடங்கியது. இனி அதைச் சுற்ற விட முடியாது, பதில் வருவதற்குள் மறுபடி முதல் அடியே வந்துவிடும். முன்னால்தான் போயாக வேண்டும். யூடியூபில் இத்தனை பேர் சொல்லித்தந்து ஏறாதது அப்போதுதான் அவனுக்கு ஏறியது.

தம்பிக்குப் போட்டுக் காட்டினான். வேதாந்த் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இழுப்பு அடங்கும்போது அவன் தொண்டை அசைந்தது. வைகுந்த் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். குரல் வரவில்லை.

“ம். இப்போ சரியா இருக்கு,” என்று எழுந்துகொண்டான் வேதாந்த். “கோயிலுக்கு நாழியாயிடுத்து.”

அவ்வளவுதான். வாசலில் தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வைகுந்த் கிளம்பினான். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வழியெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்தான். இடம் இன்னும் காலிதான். முன்பாவது தம்பிக்கு மனசில்லை என்று கோபப்பட்டுக்கொள்ளலாம், அது ஒரு துணை மாதிரி இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. கவரப்பேட்டை தாண்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடச் சொன்னார், தூசி என்று நினைத்துவிட்டார்.

திங்கட்கிழமை டீ வேளையில் போன் துடித்தது. வேதாந்திடமிருந்து ஒரு குரல் பதிவு. எழுத்து ஒன்றும் இல்லை.

வைகுந்த் இயர்போனைக்கூடத் தேடவில்லை, போனை அப்படியே காதில் அழுத்திக்கொண்டான். பின்னால் அச்சு உடைக்கிற இயந்திரம் தடதடத்தது. எதிரே எபினேசர் ஃபோர்க்லிஃப்டில் இரும்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவன், இவன் நிற்கிற நிலையைப் பார்த்து வண்டியை அணைத்தான்.

முதலில் குக்கர் விசில். அப்புறம் அம்மா குரல், “யாரோடடா பேசிண்டிருக்கே?” அப்புறம் தம்பி. சொல் இல்லாமல், வெறும் முனகல், அடுத்த இரண்டு அடி. அதே நடை, அதே சுருதி. எங்கே மூச்சு வாங்குவான் என்று வைகுந்துக்கு அவனைவிட நன்றாகத் தெரியும், சரியாக அங்கேதான் வாங்கினான். முதல் அடி போயிற்று. அடுத்த அடியின் கடைசி எழுத்துக்கு வந்தது.

டக்கென்று நின்றுவிட்டது.

இழுப்பைக் காணோம். வைகுந்த் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் ஏதாவது வருமா? தம்பிக்கு மனசு மாறிவிட்டதா? அப்புறம் திரையில் இருந்த மைக் படம் கண்ணில் பட்டது. அதை அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும்தான் பதியும். இழுத்திருப்பான். கட்டாயம் இழுத்திருப்பான். விரலை முன்னாடியே எடுத்துத் தொலைத்துவிட்டான் அசடு.

“இன்னா சாமி, சிரிக்கிறியா அழுவுறியா?” என்றான் எபினேசர்.

வைகுந்த் மீதிக்காகக் காத்திருக்கவில்லை. மைக்கை அழுத்தினான், அந்தத் தடதடப்புக்கு நடுவிலேயே அடுத்த இரண்டு அடியை எடுத்தான். சேவித்து நாளாகிப்போன தொண்டை, கரகரவென்று பிசிறு தட்டியது. இந்தத் தடவை இருமிச் சரிசெய்துகொள்ளவில்லை. கடைசி எழுத்து வந்ததும் இழுத்தான். எங்கே முடிய வேண்டுமோ அதைத் தாண்டியும் இழுத்தான், மூச்சு மொத்தமும் தீர்கிற வரைக்கும் கட்டைவிரலை எடுக்கவே இல்லை.